அத்தியாயம் 8: தைத்து வந்தது சரியில்லை என்றால்

சில வருடங்களுக்கு முன், தங்கை மகளின் வளைகாப்புக்காகப் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். புடவையோடு வந்த 80 சென்டிமீட்டர் துண்டு. அளவுக்கு, நான் வழக்கமாகப் போடும் பருத்தி ஜாக்கெட்டையே கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி சாவகாசமாகப் போட்டுப் பார்த்தால், கை முழங்கைக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. மறுநாள் பத்து மணிக்கு வளைகாப்பு. காலை எட்டு மணிக்கு ஷட்டர் பாதி ஏறும்போதே கடை வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிப் பேசினேன்.

மாஸ்டர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் அளவு ஜாக்கெட்டை எடுத்து மேசையில் விரித்தார். அதன் மேல் புதியதை வைத்து, தோளோடு தோள், கையோடு கை சேர்த்துக் காட்டினார். நூலளவு பிசகில்லை.

"அக்கா, இது நாலு வருஷம் துவைச்ச காட்டன். கை நுழைய நுழைய அதுவே விட்டுக் கொடுக்கும். பட்டுக்கு உள்ள லைனிங் வேற போட்டிருக்கு. அது எப்படிக்கா விட்டுக் கொடுக்கும்?"

கையிலும் பக்கத்திலும் ஒரு வரித் தையலைப் பிரித்துவிட்டு, பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. நான்தான் பேசியதைத் திரும்ப வாங்க முடியாமல் நின்றேன்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இந்த அத்தியாயம். தைத்த துணியில் குறை என்றால் முதலில் மூன்று கேள்விக்கு விடை தெரியவேண்டும்: எந்த இடத்தில், எத்தனை அங்குலம், யார் கையில் வந்த பிழை? இது தெரிந்துவிட்டால் கடையில் ஐந்து நிமிடப் பேச்சு போதும். தெரியாவிட்டால் சண்டை நீளுமே தவிர ஜாக்கெட் அப்படியேதான் இருக்கும்.

வாங்கும் இடத்திலேயே போட்டுப் பாருங்கள்

மதுரைப் புதுமண்டபத்தில் கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டுத் தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறும் வரை, கோயிலுக்கு வந்தவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தைத்து வாங்கிப் போவார்கள். ஆள் பக்கத்திலேயே இருப்பதால், குறையென்றால் மிஷின் சூடு ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம். இப்போது துணி கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் பத்து, இருபது நாள் ஓடிவிடுகிறது. வாங்கும் அன்றைக்காவது அந்தப் பழைய வசதியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

போட்டுப் பார்க்கத் திரை மறைவு இருக்கிற கடையென்றால் அங்கேயே போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் மிச்சக் கூலியில் கொஞ்சம் நிறுத்திவைத்து, "போட்டுப் பார்த்துட்டு நாளைக்கு வந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டு வாங்கி வாருங்கள். முழுப் பணமும் கொடுத்தாக வேண்டும் என்றால், அன்றைக்கு ராத்திரியே போட்டுப் பார்த்துவிடுங்கள். குறையை அன்றே சொன்னால் ஒரு மதிப்பு. இரண்டு வாரம் கழித்துச் சொன்னால், "ரெண்டு கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்து சொல்றீங்க" என்ற பதிலுக்கு நம்மிடம் மறுமொழி இருக்காது.

கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது பாதி சோதனைதான். உடம்பை அசைத்துப் பார்க்க வேண்டும்.

ஜாக்கெட், சுடிதாருக்கு:

- தலைக்குப் பூ வைப்பதுபோல் இரண்டு கையையும் தூக்குங்கள். ஜாக்கெட் முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறினால், கை பொருத்தும் வளைவை, அதாவது ஆர்ம்ஹோலை, ஆழமாக வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.
- கைகளை முன்னால் கட்டிக்கொள்ளுங்கள். முதுகு வெடிப்பதுபோல் இழுத்தால் பின்பக்க அகலம் போதவில்லை.
- மூச்சை நன்றாக இழுங்கள். ஹூக்குகளுக்கு நடுவே வாய் பிளந்தால் மார்புச் சுற்று குறைவு.
- குனிந்து நிமிருங்கள். தோள் நழுவினால் கழுத்து அகலம் கூடிப்போயிருக்கிறது.

சட்டைக்குக் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டு உள்ளே இரண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிப் பாருங்கள். பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள், தரையில் குந்துங்கள், படி ஏறுங்கள். பாக்கெட்டில் போனையும் பர்ஸையும் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். காலி பாக்கெட்டோடு சரியாக இருக்கும் பேண்ட், போன் ஏறியதும் தொடையில் பிடிப்பது சகஜம்.

சுருக்கத்தைப் படியுங்கள்

துணி எங்கே சுருங்குகிறதோ அங்கேதான் குறை இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் சுருக்கத்தின் கோடு குறை இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டும்.

குறுக்கே படுக்கையாக ஓடும் கோடு இறுக்கத்தைக் காட்டும். மேலிருந்து கீழாக மடிந்து தொங்கினால் அந்த இடம் லூஸ். தோள் நுனியிலிருந்து சரிவாக இறங்கும் கோடு, நம் தோள் சரிவுக்கும் வெட்டிய சரிவுக்கும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும். அக்குளிலிருந்து மார்பை நோக்கிச் சாய்ந்து வந்தால் டாட் பிடித்த இடமோ ஆழமோ தவறு. பேண்ட்டில் கவட்டையிலிருந்து இரண்டு பக்கமும் விசிறிபோல் விரியும் கோடுகள் அங்கே துணி போதவில்லை என்பதற்கு அடையாளம்.

பிறகு உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்களில் ஓவர்லாக் போட்டிருக்கிறதா, பிசிறு தொங்குகிறதா? பக்கத் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? இரண்டு கையிலும் ஜரிகை ஒரே உயரத்தில் வருகிறதா? கட்டம்போட்ட சட்டையில் பட்டன் பட்டியின் இரு பக்கமும் கட்டம் சேர்கிறதா? தையல் வரி நெடுகச் சின்னச் சின்னதாகச் சுருங்கியிருந்தால் மிஷினில் நூல் இழுப்பு சரியில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பிழை யார் கையில் வந்தது?

கொஞ்சம் பெரிய கடையென்றால் அளவெடுத்தவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர், தைத்தவர் இன்னொருவர். நாம் கல்லாவில் இருப்பவரிடம் முறையிடுகிறோம். அதனால் பிழை எந்தக் கட்டத்தில் வந்தது என்று நாமே பிரித்துப் பார்த்துவைப்பது நல்லது.

*அளவில் வந்த பிழை.* பில்லில் எழுதிய அளவையும் உங்கள் உடம்பையும் ஒப்பிடுங்கள். மார்புச் சுற்று 36 இருக்கும் உடம்புக்கு 34 என்று எழுதியிருந்தால் அளந்தவர் பிழை. லைனிங் போட்ட ஜாக்கெட்டுக்கு உடம்பளவுக்கு மேல் 1 முதல் 2 அங்குலம் தளர்வு வேண்டும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

*வெட்டில் வந்த பிழை.* எழுதியது சரி, துணியில் அது வரவில்லை. கழுத்து ஆழமாகிவிட்டது, இரண்டு கையும் ஒரே அளவில் இல்லை, கைக்கு வரவேண்டிய பார்டர் முதுகுக்குப் போய்விட்டது என்பதெல்லாம் இந்த ரகம். இது முழுக்கக் கடையின் பொறுப்பு. சரிசெய்ய இடம் குறைவாக இருப்பதும் இதில்தான்.

*தையலில் வந்த பிழை.* சுருக்கம், கோணல், ஹூக் மேல்கீழ், காஜா பிரிவது. பெரும்பாலும் பிரித்துத் தைத்தால் தீரும்.

*துணியில் வந்த பிழை.* முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி, மேல்துணி பொம்மெனப் புடைத்து நிற்கும். பருத்தி லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும். லைனிங் கடை போட்டதென்றால் அவர்கள் பொறுப்பு. நாம் வாங்கி, நனைக்காமல் கொடுத்ததென்றால் நம் பொறுப்பு.

*நம்மிடம் வந்த பிழை.* அளவு ஜாக்கெட் பழையது, இடையில் உடம்பு போட்டுவிட்டது, "டைட்டாவே இருக்கட்டும்" என்று நாமே சொன்னது. அளவு ஜாக்கெட்டில் ஏற்கெனவே இருந்த குறையும் புதியதில் அச்சாக வரும். அதைக் கொடுக்கும்போது, "இதுல தோள் மட்டும் இறங்கும், அதைச் சரி பண்ணிடுங்க" என்று சொல்லாவிட்டால் மாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

கடைசி வகையாக இருந்தால் மானக்கேடு ஒன்றுமில்லை. "அளவு நான் குடுத்ததுதான், மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவரிடம் பல கடைகளில் காசே வாங்குவதில்லை.

எது சரியாகும், எது ஆகாது

ஆகாத ஒன்றைக் கேட்டு நாலு தடவை அலைவதைவிட, ஆகக்கூடியதை ஒரே தடவையில் கேட்பது நல்லது. பொது விதி சுலபம்: துணி இருந்தால் வழி இருக்கிறது, வெட்டிப் போட்டதை ஒட்ட முடியாது.

லூஸாக இருப்பதைப் பிடிக்கலாம். நீளத்தைக் குறைக்கலாம். ஆர்ம்ஹோல் இறுக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் வெட்டிவிடலாம். இடுப்பும் கையும் இறுக்கம் என்றால் உள்ளே விட்டிருக்கும் துணியைப் பொறுத்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு கைகொடுக்கும். ஜாக்கெட்டின் பக்கவாட்டில் இரண்டு மூன்று வரி தையல் போட்டிருப்பார்கள். வரிக்கு வரி கால் அங்குல இடைவெளி என்றால், உள்வரியைப் பிரிக்கும்போது முன்துணியில் கால், பின்துணியில் கால் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 1 அங்குலம். உங்களுக்கு 2 அங்குலம் வேண்டியிருந்து ஒரே ஒரு கூடுதல் வரிதான் இருக்கிறது என்றால், பிரித்துவிட்டால் போதும் என்று சொல்வதை நம்பவேண்டாம்.

கழுத்து ஆழமாகிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அகலமான பைப்பிங், பார்டர் பட்டி, நெட் துண்டு வைத்து ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். ஆர்ம்ஹோல் ஆழமாகப் போனாலும் அப்படியே. கை நீளம் குறைந்தால் ஜரிகைப் பட்டி சேர்க்கலாம். தோள் நழுவுவதற்குப் பின்கழுத்தில் கயிறு கட்டினால் பலருக்குச் சரியாகிவிடும்.

பட்டு, சாட்டின், டிஷ்யூ துணிகளில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே தெரியும். அதனால் வெளியே தெரிகிற இடத்தில், கழுத்து ஓரத்திலோ முன்பக்க டாட்டிலோ, பிரிக்கும் முன் இரண்டு தடவை யோசிக்கச் சொல்லுங்கள். ஆரி வேலை செய்த ஜாக்கெட்டில் சிக்கல் இன்னும் அதிகம். கழுத்தும் கையும் வரைந்து, வேலைப்பாட்டை முடித்த பிறகுதான் துணியை வெட்டுகிறார்கள். வேலைப்பாட்டின் நடுவே தையல் ஓடினால் மணிகள் உடையும், நூல் அறும். ஆரி ஜாக்கெட்டில் பக்கவாட்டைத் தவிர வேறெங்கும் கை வைக்க முடியாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பேசும் முறை

நேரம் பார்த்துப் போங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், முகூர்த்த நாளுக்கு முதல் நாள் எல்லாம் தையல் கடையில் யாருக்கும் காது இருக்காது. முற்பகல் நல்லது. கல்லாவில் இருக்கும் பையனிடம் முழுக்கதையையும் சொல்லி முடிக்காதீர்கள். "மாஸ்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவர் இல்லையென்றால் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடுங்கள். துணியை விட்டுவிட்டு வந்தால், "என்னமோ டைட்டாம்" என்று ஒரு சொல்லாகச் சுருங்கித்தான் அது மாஸ்டரிடம் போய்ச் சேரும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பல கடைகளில் மிஷினில் உட்காருபவருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உங்கள் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கும் அரை மணிக்கு அவருக்கு ஒன்றும் வராது. பிழை வேறொருவருடையது என்றால் அவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. எனவே கோரிக்கையை முதலாளியிடமோ மாஸ்டரிடமோ வையுங்கள். தைப்பவரைத் திட்டாதீர்கள்.

குறையை வாயால் விவரிப்பதைவிடப் போட்டுக் காட்டுவது மேல். அது முடியாவிட்டால் மேசையில் விரித்து டேப்பை வைத்துக் காட்டுங்கள். ஒரு மாதிரிப் பேச்சு:

"மாஸ்டர், பில்லுல கைச்சுத்து 12 எழுதியிருக்கீங்க. இதை அளந்து பாருங்களேன்."

"பதினொண்ணு வருதுக்கா."

"போட்டா இந்த இடத்துல வரி விழுந்துடுது. உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கீங்க?"

"அரை அரை இருக்கு. பிரிச்சு விட்டுடலாம்."

"சரி. செவ்வாய்க்கிழமை வந்தா போட்டுப் பார்த்துட்டு எடுத்துக்கலாமா?"

"புதன் வாங்கக்கா. உறுதியாத் தர்றேன்."

"புதன்னு பில்லுலயே எழுதிடுங்க."

இந்தப் பேச்சில் "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பது இல்லை, "காசு மட்டும் வாங்கத் தெரியுதுல்ல" என்பது இல்லை. அளவு, இடம், தீர்வு, தேதி என்று நான்கே விஷயம். கடைசியில் தேதியை எழுதி வாங்குவதுதான் முக்கியம். நாளைக்கு என்ற சொல் தையல் கடையில் நாள்காட்டிக்குக் கட்டுப்படாது.

வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைத்துக் கொடுக்கும் பெண்களிடம் பில் இருக்காது. துணி கொடுத்த அன்றே அளவையும் தேதியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிவிட்டால் அதுதான் பில். அவர்களிடம் பேசும்போது அவர்களின் மாத வரும்படியில் உங்கள் ஜாக்கெட் எவ்வளவு பெரிய பங்கு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்கலாம்? நான்கு படிகள்

முதல் படி, கூலி இல்லாமல் சரிசெய்து தரவேண்டும். கடையின் பிழை என்றால் ஆல்ட்ரேஷனுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி, சரிசெய்ய முடியாத பாகத்தை மட்டும் மாற்றித் தருவது. மிச்சத் துணி இருந்தால் கையை மட்டும் புதிதாக வெட்டலாம். மிச்சத் துணியை எப்போதும் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாம் படி, தையல் கூலியைத் திருப்பித் தருவது. உடுத்தலாம், ஆனால் சொன்னபடி இல்லை என்ற நிலைக்கு இது பொருந்தும். முழுக்கூலியும் கேட்கலாம், பாதியில் முடித்துக்கொள்வதும் உண்டு.

நான்காம் படி, கூலியோடு துணியின் விலையும். உடுத்தவே முடியாது, துணி பாழ் என்றால் மட்டும் இதைக் கேளுங்கள். துணி வாங்கிய பில் கையில் இருக்கவேண்டும். புடவையோடு வந்த துண்டுக்குத் தனி விலை கிடையாது. அதே நிறத்தில் அதே தரத்தில் புதுத் துண்டு வாங்க என்ன ஆகுமோ அதுதான் நியாயமான கணக்கு. எங்கள் தெருவில் ஒருவருக்குப் பார்டர் முதுகுக்குப் போன கதை நடந்தபோது, கடைக்காரர் பொருத்தமான துண்டை வாங்கிக் கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தார். புடவைக்கு முழுப்பணம் கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ஒரே உருப்படியை இரண்டு தடவைக்கு மேல் பிரித்துத் தைக்கச் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் துணி இளைக்கும். இரண்டாம் தடவையும் சரிவரவில்லை என்றால் மூன்றாம் படிக்குப் போய்விடுங்கள்.

நாளைக்கு விசேஷம், இன்றைக்குக் குறை

முதலில் படம். ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, டேப்பைக் குறுக்கே வைத்து, எண் தெரியும்படி எடுங்கள். போட்டுக்கொண்டும் ஒன்று எடுங்கள். இரண்டையும் கடை எண்ணுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கத்தரியைத் தொடுங்கள். படம் இல்லாமல் பிரித்தால், "நீங்க பிரிச்சதாலதான் போச்சு" என்று பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

பக்கவாட்டின் உள்வரியை மட்டும் பிளேடு நுனியால் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து நூலை உருவுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹூக்கை நகர்த்துங்கள். கழுத்தையும் டாட்டையும் வீட்டில் தொடவேண்டாம். தோள் லூஸுக்கு உள்பக்கமாக ஒரு ஊக்கு குத்தினால் அன்றைய பொழுது ஓடிவிடும். புடவை முந்தானை மறைக்கும் இடத்துக் குறையைப் பற்றி அன்றைக்குக் கவலைப்படாதீர்கள்.

"முழுப் பணம் கட்டினாத்தான் துணி தருவோம்" என்று கடை சொன்னால்? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒப்படைத்த பொருளில் உழைப்பைப் போட்டவர், சொன்னபடி வேலையை முடித்திருந்தால், கூலி வரும் வரை அதைப் பிடித்துவைக்கலாம் என்கிறது 170-ஆம் பிரிவு. சுவாரசியம் என்னவென்றால், அந்தப் பிரிவு தரும் உதாரணங்களில் ஒன்று தையற்காரரைப் பற்றியது. கோட்டு தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், பணத்துக்கு மூன்று மாதம் தவணை என்று ஒப்புக்கொண்ட தையற்காரர், பணம் வரவில்லை என்று கோட்டைப் பிடித்துவைக்க முடியாது. ஆக, என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதே கேள்வி. குறையுள்ள வேலையை முடிந்த வேலை என்று சொல்லலாமா என்று நீங்கள் வாதாடலாம்தான். ஆனால் விசேஷத்துக்கு முதல் நாள் வாதாட நேரமில்லை. பணத்தைக் கட்டி, பில்லில் "கைச்சுற்று 1 அங்குலம் குறைவு, குறையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டு, அதையும் படமெடுத்துக்கொண்டு வாங்கி வாருங்கள். சண்டையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடலாம், வளைகாப்பைத் தள்ளிப்போட முடியாது.

பேச்சு முறிந்தால்

காசு வாங்கித் தைப்பது சேவை. அதில் குறைபாடு இருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. "எந்தக் குறைக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதிவைத்துவிட்டால் பொறுப்பு போய்விடாது.

முதலில் கடைக்கு ஒரு கடிதம். கோபம் வேண்டாம், விவரம் போதும்:

> ஐயா,
> ___ தேதியில், பில் எண் ___-ன்படி, உங்கள் கடையில் ஒரு பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். மார்புச் சுற்று 36 அங்குலம் என்று நீங்களே அளந்து பில்லில் எழுதியிருக்கிறீர்கள். தைத்து வந்தது 34 அங்குலமே இருக்கிறது. உள்ளே விட்டிருக்கும் துணி போதாததால் பிரித்துவிடவும் வழியில்லை. ___, ___ தேதிகளில் நேரில் வந்து காட்டியும் தீர்வு கிடைக்கவில்லை.
> தையல் கூலி ___ ரூபாயையும் துணி விலை ___ ரூபாயையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். பில், படங்களின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பல விவகாரங்கள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் முடியும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்துக்கு ஒரு சட்டை வழக்கு போனது. அளவு தவறித் தைத்துவிட்டு, சரிசெய்தும் தராமல், அனுப்பிய நோட்டீஸுக்குப் பதிலும் சொல்லாத கடை, கூலியையும் துணி விலையையும் இழப்பீட்டோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவானது. கடிதம் அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்திருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனாலும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். 300 ரூபாய்க் கூலிக்காக நாலு தடவை ஆணையத்துக்கு நடப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. துணியும் பாழ், பேச்சும் மரியாதை இல்லை என்ற இடத்தில் தயங்காமல் போங்கள். வெறும் சுணக்கம் என்றால் அடுத்த முறை வேறு கடை பார்த்துக்கொள்வதே மலிவு.

அடுத்த முறை துணி கொடுக்கும்போது

பில்லில் இவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள்:

- துணி எத்தனை மீட்டர், என்ன நிறம், ஒரு சின்னத் துண்டு பின் குத்தி
- எல்லா அளவும் எண்ணில். "அளவு ஜாக்கெட் போல" என்று மட்டும் எழுதினால் போதாது
- கழுத்து மாதிரி வரைந்து, முன்கழுத்து பின்கழுத்து இறக்கத்துடன்
- பார்டர் எங்கே வரவேண்டும்
- லைனிங் யாருடையது, நனைத்ததா
- பக்கத்தில் ஒரு அங்குலம் கூடுதலாக விடவேண்டும் என்ற குறிப்பு
- கூலி, முன்பணம், போட்டுப் பார்க்கும் தேதி, வாங்கும் தேதி

வாங்கும் தேதி விசேஷத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் இருக்கட்டும். கடையில் உண்மையான தேதியைச் சொல்லாதீர்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரு தடவைதான் அது பலிக்கும்.

இப்போதும் நான் அதே கடைக்குத்தான் போகிறேன். அளவு ஜாக்கெட் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். மாஸ்டரிடம் ஓரம் நைந்த ஒரு அளவு நோட்டு இருக்கிறது. போன தடவை என் பக்கத்தைத் திருப்பியபோது எட்டிப் பார்த்தேன். எண்களுக்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பட்டுன்னா கை அரை இன்ச் லூஸ். ஒரு நாள் முன்னாடியே போட்டுப் பார்க்கச் சொல்லணும்."